கேட்டால் சொல்கிறான், தாளில் வருவதில்லை: கற்றல் குறைபாட்டைக் கண்டுகொள்வதும் அதன் அளவை அறிவதும்

"வாயில கேட்டா எல்லாம் சொல்றான் சார், பேப்பர்ல ஒண்ணும் எழுத மாட்டேங்குறான்." பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் எந்தப் பள்ளியிலும் இந்த வாக்கியம் காதில் விழும். சொல்பவர் அதைப் புகாராகச் சொல்கிறார். ஆசிரியரும் "கவனம் பத்தலை, வீட்டுல கொஞ்சம் உட்கார வைங்க" என்று முடித்துவிடுகிறார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி அடையாளம் இருக்கிறது. காதால் கேட்டு நன்றாகப் புரிந்துகொள்ளும் குழந்தை கண்ணால் படிக்கும்போது மட்டும் விழுந்துபோனால், சோம்பல் என்று நினைப்பதற்கு முன் கற்றல் குறைபாட்டை நினைக்க வேண்டும்.

இங்கிலாந்தின் சீஃபோர்டில் மருத்துவராக இருந்த பிரிங்கிள் மார்கன் 1896-இல் எழுதிய குறிப்பு இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. பையனுக்கு 14 வயது, பெயர் பெர்சி. கணக்கு வரும். ஒன்பது இலக்க எண்ணைத் தடங்கலில்லாமல் வாசித்தான். தன் பெயரை எழுதச் சொன்னால் எழுத்தை இடம் மாற்றி 'ப்ரெசி' என்று எழுதினான். தப்பு என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

வாசிப்பில் வருவதை டிஸ்லெக்ஸியா என்கிறோம், எழுத்தில் வருவதை டிஸ்கிராஃபியா, கணக்கில் வருவதை டிஸ்கால்குலியா. ஒரே குழந்தைக்கு இரண்டு சேர்ந்து வருவது சாதாரணம். 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநல வகைப்பாடு இதற்கு ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது: குறிப்பான உதவி கொடுத்தும் 6 மாதத்துக்குக் குறையாமல் சிரமம் நீடிக்க வேண்டும். அதே வகைப்பாடு லேசானது, மிதமானது, தீவிரமானது என்று மூன்று நிலைகளையும் சொல்கிறது. இந்த நிலைகளை மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்வதுதான் பெற்றோரும் பள்ளிகளும் செய்யும் பெரிய தவறு. 35 வாங்கும் குழந்தைக்கு லேசான குறைபாடு இருக்கலாம். 70 வாங்கும் குழந்தை, இரவு பத்து மணி வரை அம்மா வாய்விட்டுப் படித்துக் காட்டுவதை மனப்பாடம் செய்து அந்த மதிப்பெண்ணை எடுத்திருக்கலாம். அதற்கு மிதமான குறைபாடு இருக்கலாம்.

தமிழில் எந்தப் பிழை கணக்கில் சேரும்?

டிஸ்லெக்ஸியா பற்றிப் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'b', 'd' இரண்டையும் மாற்றி எழுதுவதுதான் அறிகுறி என்று பலர் நம்புவது அதனால்தான். ஏழு வயது வரை அந்தத் தலைகீழ் எழுத்து பல குழந்தைகளிடம் வரும். அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

தமிழிலும் இப்படி ஏமாற்றும் பிழைகள் உண்டு. ர-ற, ல-ள-ழ, ந-ன-ண குழப்பத்தை வைத்துக் குறைபாடு என்று சொல்லிவிடாதீர்கள். பேச்சில் பல ஊர்களில் ர-வும் ற-வும் ஒன்றுதான். ந-வும் ன-வும் காதுக்கு ஒரே ஒலி. காதில் வராத வித்தியாசத்தைக் கண்ணால் மட்டுமே நினைவில் வைக்க வேண்டும், அதற்கு எல்லாருக்கும் நாளாகும். கவலைப்பட வேண்டியது, காதுக்குத் தெளிவாகக் கேட்கும் வித்தியாசம் தாளில் காணாமல் போகும்போது. 'பாட்டு' என்று சொன்னால் 'பட்டு' என்று எழுதுவது, 'கோடு' என்பதைக் 'கொடு' என்று படிப்பது, 'பட்டம்' 'படம்' ஆவது, 'பள்ளி' 'பளி' ஆவது, 'பக்கம்' என்பதில் புள்ளி மறைந்து 'பககம' என்று நிற்பது, 'மரகதம்' 'மகரதம்' ஆவது. சொல்லச் சொன்னால் இதே குழந்தை இவற்றைச் சரியாக உச்சரிக்கும். ஒலியைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஓர் எழுத்தைப் பொருத்தும் இடத்தில்தான் அடைப்பு.

அடுத்தது கொம்பு. 'கொ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் முதலில் 'க்' சொல்கிறது, பிறகு 'ஒ'. கையோ முதலில் ஒற்றைக்கொம்பு போட்டு, பிறகு 'க' எழுதி, கடைசியில் துணைக்கால் போட வேண்டும். ஓர் எழுத்துக்கு மூன்று துண்டுகள். அதில் முதல் துண்டு, ஒலி வரும் வரிசைக்கு எதிராக முன்னால் நிற்கிறது. மூன்றாம் வகுப்பு தாண்டியும் ஒரு குழந்தை மெய்யை எழுதிவிட்டுக் கொம்பைத் தேடிப் பின்னால் ஒட்டினாலோ, ஒவ்வொரு முறையும் பேனாவை நிறுத்தி யோசித்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். கு, டு, மு, து, பு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம் எடுக்கும் உகர வரிசை அடுத்த வழுக்குப்பாறை.

கூடவே ஒரு நியாயத்தையும் மறக்கக் கூடாது. 247 எழுத்துகள் ஓராண்டில் படியாது. நம் நாட்டு எழுத்துமுறைகளைக் கற்றுமுடிக்கப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் பிடிப்பதைக் கன்னடப் பள்ளிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் முதல் வகுப்புக் குழந்தையின் நோட்டை வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம்.

இன்னொரு பக்கம், தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒட்டியே போவதால், லேசான குறைபாடுள்ள குழந்தை மெதுவாக, ஆனால் பிழையில்லாமல் படித்துவிடும். ஜெர்மன் போன்ற மொழிகளிலும் இப்படித்தான்: பிழையைவிட வேகமே காட்டிக்கொடுக்கிறது. 'சரியாத்தானே படிக்கிறா' என்று விடப்படும் பெண் குழந்தைகள் பலர் இங்கேதான் தவறிப்போகிறார்கள். வகுப்பில் தொந்தரவு செய்யாத குழந்தையை யாரும் கவனிப்பதில்லை.

வீட்டில் ஒரு மாலை

சோதனைக்குப் பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள். பாதிப் பாடம் மனப்பாடம் ஆகியிருக்கும். விரல் மூன்றாவது வரியில் நிற்கும், வாய் ஐந்தாவது வரிக்குப் போயிருக்கும், கண் உங்கள் முகத்தில் இருக்கும். சந்தேகம் இருந்தால் வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். வரியை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து அந்தச் சொல்லில் நின்றால், அந்தக் குழந்தை படிக்கவில்லை, ஒப்பிக்கிறது.

குழந்தை பார்த்தேயிராத ஒரு கதைப் புத்தகத்தில், அதன் வகுப்புக்கு ஒரு வகுப்பு கீழான பத்தியை எடுங்கள். போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள். ஒரு சொல்லில் 5 விநாடி திணறினால் நீங்கள் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதைப் பிழையாக எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு பதிவைக் கேட்டு, சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணுங்கள். 'போ'வும் ஒரு சொல், 'போய்க்கொண்டிருந்தான்' என்பதும் ஒரு சொல் என்பதால் தமிழில் சொற்களை எண்ணுவதில் பயனில்லை. வரும் எண்ணைத் தனியாக வைத்துப் பார்க்காமல், அதே வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் நான்கைந்து பிள்ளைகளை அதே பத்தியை வாசிக்க வைத்து ஒப்பிடுங்கள். வேறு வேறு நாளில் மூன்று முறை பார்த்தும், அவர்கள் வாசித்ததில் பாதியைத் தொடவில்லை என்றால் மேலே போக வேண்டும்.

பிறகு பொருளில்லாத பத்துச் சொற்களை எழுதிக் கொடுங்கள்: தபிலு, கிடோமு, சேருபி, பூனெசி, மெகாடை மாதிரி. இவற்றை ஊகிக்க வழியில்லை, எழுத்துக் கூட்டித்தான் ஆக வேண்டும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு 'கடலுக்கு' என்பதைக் 'கடைக்கு' என்று அடித்துவிடும் பழக்கம் இங்கே பலிக்காது.

மூன்றாவது சோதனைதான் எனக்கு முக்கியம். ஒரே அளவு கடினமுள்ள இரண்டு பத்திகள், ஒவ்வொன்றிலும் 80 சொற்கள் அளவு. ஒன்றை நீங்கள் படித்துக் காட்டி ஐந்து கேள்வி கேளுங்கள். இன்னொன்றைக் குழந்தையே படித்த பிறகு ஐந்து கேள்வி கேளுங்கள். கேட்டதில் 5, படித்ததில் 1 என்றால் அது டிஸ்லெக்ஸியாவின் முகம். இரண்டிலும் 1 என்றால் அடைப்பு எழுத்தில் மட்டும் இல்லை. மொழி வளர்ச்சியா, கேட்கும் திறனா, பொது அறிவுத்திறனா, கவனமா என்று வேறு திசையில் பார்க்க வேண்டும். ஆங்கில வழியில் படிக்கும் குழந்தைக்கு இதை இரண்டு மொழியிலும் செய்யுங்கள். தமிழில் கேட்டுப் புரிகிறது, ஆங்கிலத்தில் கேட்டே புரியவில்லை என்றால் அது ஆங்கிலம் போதாத சிக்கல், குறைபாடு என்று பெயர் வைக்கக் கூடாது. ஆனால் தமிழில் சரளமாகப் பேசியும் தமிழ் வாசிப்பும் இழுபறியாக இருந்தால் 'மீடியம் மாத்துனா சரியாயிடும்' என்ற நம்பிக்கை உதவாது.

கடைசியாக, நோட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தலையைப் பாருங்கள். சுவரில் ஒட்டிய தாளிலிருந்து நான்கு வரி பார்த்து எழுதச் சொல்லி, தலை எத்தனை முறை நிமிர்கிறது என்று எண்ணுங்கள். நன்றாகப் படிக்கும் நான்காம் வகுப்புக் குழந்தை 'மழைக்காலத்தில்' என்ற சொல்லை ஒரு பார்வையிலோ இரண்டு பார்வையிலோ எடுத்துக்கொண்டு போய் எழுதிவிடும். சிரமப்படும் குழந்தை ம, நிமிர்வு, ழை, நிமிர்வு என்று எட்டு எழுத்துக்கு எட்டு முறை நிமிரும். கரும்பலகையை அழிக்கும்போது அதன் நோட்டில் பாதி காலியாக இருப்பதற்கு இதுவே காரணம். மெதுவாக எழுதுகிறது என்று இடைவேளையைப் பிடுங்குவதால் ஒரு பயனும் இல்லை.

பள்ளிக்கு முன்பே சில தடயங்கள் தெரியும்: பேச்சு தாமதமாக வருவது, ஐந்து வயதிலும் 'தக்காளி' 'கத்தாளி' ஆவது, நிறங்களின் பெயரும் கிழமைகளின் வரிசையும் நிற்காமல் போவது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இந்தச் சிரமம் இருந்திருந்தால் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்காவது வரும் வாய்ப்புண்டு. அதனால் "நானும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று அப்பா சொன்னால், ஆறுதலாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் அடையாளங்கள் உருமாறும். மொழித் தேர்வு நாளில் வயிற்றுவலி, காணாமல் போகும் நோட்டுகள், சத்தமாக வாசிக்கச் சொன்னதும் வகுப்பில் செய்யும் கலாட்டா. பாடத்தின் அளவு திடீரென்று கூடும் இந்த வகுப்பில்தான், அதுவரை சமாளித்த லேசான குறைபாடு வெளியே வரும்.

கணக்கைப் பற்றிச் சுருக்கமாக. நான்காம் வகுப்பிலும் 5+3-க்கு விரலை முதலிலிருந்து எண்ணுவது, மூன்று நான்கு புள்ளிகளைப் பார்த்ததும் எண்ணாமல் சொல்ல முடியாதது, முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதுவது ஆகியவை டிஸ்கால்குலியாவின் வலுவான அடையாளங்கள். தமிழ் எண்ணுப்பெயர்களில் மட்டும் ஒரு சலுகை கொடுங்கள். எழுபது, எண்பது என்று வந்துகொண்டிருந்தது 90-இல் 'தொண்ணூறு' என்று நூறை ஒட்டிக்கொள்கிறது. 900-இல் 'தொள்ளாயிரம்' என்று ஆயிரத்தை ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் வகுப்புக் குழந்தை தொள்ளாயிரத்தை 9000 என்று எழுதினால், அதை மட்டும் வைத்துக் குறைபாடு என்று சொல்லிவிடாதீர்கள்.

முதலில் விலக்க வேண்டியவை

கண் பரிசோதனை, காது பரிசோதனை இரண்டும் இல்லாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. காதில் அடிக்கடி சீழ் வரும் குழந்தைக்கும், நடுச்செவியில் நீர் தேங்கும் குழந்தைக்கும் 'ப', 'த' போன்ற ஒலிகள் மங்கலாகத்தான் கேட்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. சில விநாடிகள் கண் நிலைத்து நின்று பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும் குழந்தைக்கு அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு, நீண்ட நாள் பள்ளிக்கு வராதது, வீட்டில் அடிதடி எல்லாமே வாசிப்பைக் கெடுக்கும். 2020, 2021-இல் பள்ளி மூடியிருந்தபோது எழுத்து கற்க வேண்டிய வயதில் இருந்த பிள்ளைகள் பலருக்கு விட்டுப்போனது பயிற்சி. கற்பித்தால் வேகமாக மேலே வருவார்கள். கவனச்சிதறல் மிகைச்செயல்பாடு (ஏ.டி.எச்.டி) மட்டும் தனி விஷயம். அதை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம், இரண்டும் சேர்ந்தே இருப்பது அடிக்கடி நடக்கிறது.

நிறக் கண்ணாடி, கண் பயிற்சி, மூளை டானிக் என்று யாராவது விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கமும் 2009-லேயே, கண் பயிற்சிக்கும் நிறக் கண்ணாடிக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று கூட்டாக அறிவித்துவிட்டன.

லேசா, தீவிரமா?

என் உறுதியான கருத்து: குறைபாட்டின் அளவு ஒரு நாள் சோதனையில் தெரியாது. சரியாகக் கற்பித்தால் குழந்தை எவ்வளவு நகர்கிறது என்பதில்தான் தெரியும். ஆகவே 24 வாரம் கற்பித்துக்கொண்டே அளக்க வேண்டும்.

வாரத்தில் 5 நாள், நாளுக்கு 40 நிமிடம், மூன்று பேருக்கு மேல் இல்லாத குழு. 5 நிமிடம் தாள் இல்லாமல் ஒலி விளையாட்டு ('பாட்டு'வில் கடைசியில் என்ன கேட்குது? 'மரம்' என்பதில் 'ம'வை எடுத்துட்டா?). 10 நிமிடம் எழுத்தும் ஒலியும், ஒரு வாரத்துக்கு ஐந்தாறு எழுத்துக்கு மேல் வேண்டாம். 10 நிமிடம் அட்டைகளால் சொல் கட்டுதல். 10 நிமிடம் கற்ற எழுத்துகள் மட்டுமே உள்ள வாக்கியங்களை வாசித்தல். 5 நிமிடம் சொல்வதை எழுதுதல். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நிமிட வாசிப்பு. எண்ணைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வையுங்கள்.

எட்டு வாரத்துக்குள் கோடு நன்றாக ஏறி, வகுப்புப் பிள்ளைகளை நோக்கி நெருங்கினால் குறைபாடு லேசானது, அல்லது விட்டுப்போனது பயிற்சிதான். கூடுதல் நேரம், வாய்மொழிக் கேள்வி போன்ற சிறு சலுகைகளோடு அந்தக் குழந்தை ஓடிவிடும். கற்பிக்கும்போது ஏறி, காலாண்டு விடுமுறை முடிந்ததும் மறுபடி கீழே இறங்கி, ஒவ்வொரு புது வரிசையிலும் முட்டி நின்றால் மிதமானது. அவ்வப்போது தீவிரமான தனிக் கற்பித்தலும் வகுப்பில் தினசரி உதவியும் இல்லாமல் சரளம் வராது. 24 வாரமும் கோடு தரையோடு போனால், திங்கட்கிழமை தெரிந்த எழுத்து வியாழக்கிழமை அந்நியமாகத் தோன்றினால், வாசிப்போடு கணக்கும் எழுத்தும் சேர்ந்து சரிந்தால், அது தீவிரமானது. பள்ளிக் காலம் பெரும்பாலும் தனிக் கற்பித்தல் வேண்டும். ஒலிப்புத்தகம், சொல்வதை எழுதுபவர், கணினி போன்ற மாற்று வழிகளையும் அதே நாளில் தொடங்கிவிட வேண்டும். எழுத்து வரட்டும் என்று அறிவியலையும் வரலாற்றையும் காக்க வைத்தால் குழந்தையின் அறிவும் பின்தங்கிவிடும்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். வருகை குறையாத ஒரு குழந்தை இரண்டாண்டுகளாக அரும்பிலேயே நின்றால், அந்தப் பதிவேடே ஒரு சான்று. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் அதைக் காட்டுங்கள்.

தாளில் வராத ஓர் அளவுகோலும் உண்டு. குறைபாடு லேசாக இருந்து காயம் பெரிதாக இருக்கலாம். 'மக்கு' என்று பேர் வாங்கி, முட்டி போட்டு, கடைசி பெஞ்சில் மூன்றாண்டு உட்கார்ந்த குழந்தை "எனக்கு வராது மிஸ்" என்று புத்தகத்தைத் திறக்கும் முன்பே சொல்லும். தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குக் கிளம்புதல் ஆகியவற்றில் மாற்றம் தெரிந்தால், குறைபாடு எந்த அளவாக இருந்தாலும் மனநல உதவியை உடனே சேர்க்க வேண்டும்.

அறிக்கையும் சான்றிதழும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளை ஏற்கிறது, கற்றல் குறைபாடு அதில் ஒன்று. இடஒதுக்கீடு போன்ற உரிமைகளுக்கு 40 சதவீதம் என்பது அடிப்படைக் கோடு. 2018-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் மூன்றாம் வகுப்பிலோ 8 வயதிலோ பள்ளியே முதற்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்றது. சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகுதான், 14-லும் 18-லும் மறுமதிப்பீடு என்றும் வகுத்தது. மதிப்பீட்டுக்கு, பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 1991-இல் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைச் சொன்னது. அது 5 முதல் 7 வயதுக்கு ஒன்று, 8 முதல் 12 வயதுக்கு ஒன்று என்று இரண்டு பகுதிகள் கொண்டது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் (டி.இ.ஐ.சி) தொடங்கலாம். பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவும் அங்கேதான் அனுப்பிவைக்கும்.

அறிக்கை கைக்கு வந்ததும் மூன்றைப் பாருங்கள். ஐ.க்யூ எண் மட்டும் இருந்து, வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனை இல்லையென்றால் அது அரை அறிக்கை. தமிழ் வழிக் குழந்தையை ஆங்கிலப் பத்தியால் சோதித்திருந்தால் அது செல்லாத அறிக்கை என்றே நான் சொல்வேன். நாளை வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் இருந்தால் சி.பி.எஸ்.இ தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். மாநிலப் பாடத்திட்டத்திலும் தனிச் சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பியுங்கள்.

ஆறு வயதுக் குழந்தைக்குச் சான்றிதழ் கிடைக்காது, ஆனால் கற்பிக்கச் சான்றிதழ் தேவையில்லை. பழைய காலண்டர் அட்டையை 5 செ.மீ சதுரங்களாக வெட்டுங்கள். ப, ட, ம மூன்றோடு புள்ளி வைத்த ட், ம் இரண்டும் சேர்ந்தால் படம், பட்டம், மடம், மட்டம் வந்துவிடும். துணைக்காலையும் கொம்பையும் தனித்தனி அட்டையில், வேறு நிறத்தில் எழுதுங்கள். 'பட்டம்' கட்டியதும் நடுவிலிருந்து 'ட்' அட்டையைக் குழந்தையே உருவி எடுக்கட்டும். இப்போது என்ன சொல் என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.